ஜமுக்காளம் விரித்தவள்

எங்கள் அலுவலக யூனியன் தலைவரை எல்லாரும் பிரதான்ஜி என்றுதான் கூப்பிடுவோம். அலுவலக வேலை என்று அவர் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு நான் பார்த்ததில்லை. குளிர்காலத்து மதிய வெயில் வாசலில் விழும்போது மட்டும் அவருக்குத் தொழிலாளர் வர்க்கத்தின் நினைவு வந்துவிடும். ஜமுக்காளம் விரிபடும், வேர்க்கடலை உடைபடும், கேட் மீட்டிங் தொடங்கிவிடும்.

யூனியனால் எனக்கு ஒரு பலனும் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். என்னை ஜம்முவுக்குத் தூக்கியடிக்க இருந்த மாற்றலை நிறுத்தியது அதுதான். பெண்களுக்குத் தனி ஓய்வறை வாங்கித் தந்ததும் அதுதான். இயக்குநருக்கும் யூனியன் மேல் கோபம் கிடையாது. அத்தனை பேரோடு மல்லுக்கட்டுவதைவிட ஒருவரை உள்ளே கூப்பிட்டு சமோசா கொடுப்பது அவருக்கு எளிது. பிரதான்ஜி ஏப்பம் விட்டபடி வெளியே வந்தால் அன்றைய போராட்டம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொள்வோம்.

ஜமுக்காளத்தை விரிப்பவள் எங்கள் மாடியைக் கூட்டி, கழிப்பறைகளைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி. விழுப்புரம் பக்கத்துக் குடும்பம், தில்லி ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் வளர்ந்தவள். நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமே யூனியனில் இடம் என்பதால் அவள் உறுப்பினர் இல்லை. ஆனால் கூட்டம் சேராத நாட்களில் ஒப்பந்த ஆட்களையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நாங்கள் வாயில் கடலையை வைத்துக்கொண்டு முனகுவோம். அவள்தான் தொண்டை கிழிய ‘ஜிந்தாபாத்’ போடுவாள்.

அரசாங்கம் கேம்ப்பை இடித்த பிறகு அவள் குடும்பத்துக்கு நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. அது ஊருக்கு அந்தக் கோடி. பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்வதற்குள் தினமும் நேரமாகிவிடும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த ஒப்பந்தக்காரன், நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டான். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“அக்கா, பிரதான்ஜிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. லேட்டா வந்தா லேட்டா போறேன்னுதான சொல்றேன். இத வுட்டா எனக்கு வேற காம் கெடைக்காது. எத்தினி மீட்டிங்ல கத்திருக்கேன், அவுருக்குத் தெரியாதா?”

அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பிரதான்ஜி பல் குத்திக்கொண்டே கேட்டார். “ஆனா இவங்க நம்ம மெம்பர் இல்லையே மேடம்” என்று இந்தியில் சொன்னார். அப்படியானால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நிரந்தர ஊழியர் இல்லையே என்றார், பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ “அச்சா, டீக் ஹை” என்று சரிக்குத் தலையாட்டிவிட்டு, அவர் மேசைக்கடியில் கிடந்த கடலைத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள்.

அவள் போன இரண்டொரு நாளில் கழிப்பறைகள் நாறத் தொடங்கின. பிரதான்ஜி மூக்கைப் பொத்திக்கொண்டு வீறுகொண்டு எழுந்தார். தொழிலாளியின் கண்ணியம் என்ன ஆனது என்று முழங்கினார். வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கேட்டுக்கு வந்தோம். விரிக்க ஆளில்லாததால் நின்றுகொண்டே கத்தினோம். பழைய ஆளையே திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அது வேறு விஷயம் என்று கையை உதறினார். இயக்குநரின் தனிக் கழிப்பறையும் நாறியதால் சமோசாவுக்கு அவசியமே வரவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஒப்பந்தக்காரன் புது ஆளை அனுப்பிவிட்டான். நினைத்தால் யூனியனால் எவ்வளவு சீக்கிரம் காரியம் முடிக்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். வெட்கங்கெட்ட வேகம்.

மறுநாள் வெற்றிக் கூட்டம். புதிதாக வந்தவளைக் கூப்பிட்டு, ஜமுக்காளம் எங்கே இருக்கிறது என்று பிரதான்ஜியே காட்டிக் கொடுத்தார். அவள் அதைச் சுருக்கமில்லாமல் விரித்தாள். பிறகு ஓரமாகப் போய் நின்று, எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து ‘ஜிந்தாபாத்’ போட்டாள்.