பீரோவுக்குள் இருந்த குறளி

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பேய் இருந்தது என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்கிறாள். உண்மைதான், இருந்தது. அதை வளர்த்தவள் நான். அதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை.

பேய் என்றால் கட்டைவிரல் அளவுப் பேய். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். ஏதோ ஒரு ஊர்த் துறைமுகத்தில் இறங்கியபோது பழைய சாமான் கடையில் கையடக்க வீடியோ கேம் பெட்டி இரண்டு வாங்கி வந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. காடு மேடெல்லாம் அலைந்து விதவிதமான பூதங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற விளையாட்டு அது. மற்றவர்களாக இருந்தால் நெருப்புக் கக்குவதையோ இடி இறக்குவதையோ தேடிப் போயிருப்பார்கள். எனக்கு வாய்த்தது பாழடைந்த கலங்கரை விளக்கத்தில் ஒளிந்திருந்த ஒரு பேய்க்குட்டி. அடிப்பிடித்துக் கருகிப்போன இட்லி மாதிரி இருக்கும். சண்டைக்கு விட்டால் சண்டை போடாது. எதிராளியின் நிழலுக்குள் புகுந்து, அவன் வைத்திருப்பதைத் திருடிக்கொண்டு வந்து கெக்கெக்கே என்று சிரிக்கும். திருட ஆள் கிடைக்காவிட்டால் என் பையிலேயே கை வைக்கும். எனக்கு அதைப் பார்த்த அன்றே பிடித்துப்போனது. நான் சேட்டை செய்தால் அம்மா என்னைத் திட்டுகிற வார்த்தையையே அதற்குப் பெயராக வைத்தேன். குறளி.

குறளிக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற பூதங்கள் சண்டை போட்டுப் போட்டு வளரும். இது அப்படி வளராது. ஒயரைச் செருகி இன்னொருவர் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அடுத்தவர் கையில் போய் இறங்கினால்தான் முழு உருவம் எடுக்கும். அப்படிப்பட்ட இன்னொரு பெட்டி எனக்குத் தெரிந்து மாமாவிடம் மட்டும்தான் இருந்தது. அவரோ ஒயரைக் கப்பலிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

“அடுத்த லீவுல ஒயரோட வாரேன் மக்கா. அதுவர அத விட்டுராத, என்ன?” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விடுவேனா?

ஆனால் பெரியம்மா இருந்தாளே. அம்மாவுக்கு அக்கா; தாயில்லாத அம்மாவையும் மாமாவையும் வளர்த்து ஆளாக்கியவள் அவள். பள்ளிக்கூட டீச்சர் வேறு. அடுத்த தெருவில் இருந்தாலும் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவள் சொன்னதுதான் சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு முன்னறையில் உபவாச ஜெபம் நடத்துவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பாயோரத்தில் ஒரு துண்டுக்கு அடியில் ஒளித்திருந்தேன். சபைப் பெண்கள் முழங்காலில் நின்று, இந்த வீட்டை விட்டு எல்லா அசுத்தமும் விலகட்டும் என்று கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உருக்கத்தில் பெரியம்மா துண்டின்மேல் கையை ஊன்றினாள். எந்தப் பொத்தான் அமுங்கியதோ, குறளி சிரித்தது.

ஒருத்தி அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பெரியம்மா பயப்படவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். துண்டை உருவி எறிந்துவிட்டு, பல்லை இளித்துக்கொண்டு நின்ற குறளியையும் அதன் கீழே நான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருந்த பெயரையும் பார்த்தாள்.

“ஏளா, பேயக் கொண்டாந்து வீட்டுல வச்சது காணாதுன்னு அதுக்குப் பேரு வேற வச்சிருக்கியா?”

உடனே பெட்டியின்மேல் கையை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தாள். உரத்து ஜெபிக்க ஜெபிக்கக் கை அழுத்தியது. கை அழுத்த அழுத்தக் குறளி சிரித்தது. பொத்தானைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அம்மா என் வாயைப் பொத்தினாள். ஜெபத்தை எதிர்த்து நிற்கிற பொல்லாத பேய் என்று சபை முடிவு செய்தது. பெட்டி பெரியம்மா வீட்டு பீரோவுக்குப் போய்விட்டது.

அதோடு தீரவில்லை. மே மாதம் சர்ச்சில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். கடைசி நாள் பெற்றோரெல்லாம் வருவார்கள். பாட்டு, நாடகம், பரிசு என்று அமர்க்களப்படும். எங்கள் சபையில் அன்றைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஜரிகைத்தாள் ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டியை மேடையில் வைப்பார்கள். நம்மைக் கெடுக்கிற பொருள் எதுவோ அதை அவரவர் மைக்கில் சாட்சி சொல்லி, அதில் போட வேண்டும். தன் கையால், தன் மனசோடு போட வேண்டும். வேறு யார் போட்டாலும் செல்லாது. முந்தின வருஷம் நடிகர் படம் போட்ட பென்சில் டப்பாவும் யாரோ ஒருவனின் கோலிக்காய்களும் விழுந்தன. இந்த வருஷம் குறளி என்று பெரியம்மா தீர்மானித்துவிட்டாள். எனக்குச் சாட்சியும் அவளே சொல்லிக்கொடுத்தாள். நல்ல பிள்ளையாக மனப்பாடம் செய்தேன்.

அந்த வாரம்தான் மாமா லீவில் வந்தார், ஒயரோடு. எனக்கு உயிர் வந்தது. ஆனால் வீட்டில் மாமாவுக்கே வேறு ரகளை நடந்துகொண்டிருந்தது. எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் ஒரு டீச்சர் பெண்ணைப் பெரியம்மா அவருக்குப் பேசி முடித்திருந்தாள். மாமாவுக்கோ திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலையில் ஒரு நர்ஸைப் பிடித்திருந்தது. அவர்கள் கடலுக்குப் போகிற குடும்பம்; மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள், எங்கள் சபை இல்லை. “அந்த ஊர்ப் பேரையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது” என்று பெரியம்மா சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. நடுக்கடலில் புயலைப் பார்த்த மனுஷன், அக்கா முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் விவகாரம் எனக்கெதற்கு? எனக்குக் குறளி வேண்டும். பீரோ சாவியை எப்படியாவது வாங்கித் தரச்சொல்லி மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“குடுத்துரு மக்கா. அக்கா நம்மள வளத்தவ, மனசு கஷ்டப்படுவா. நான் வேற வாங்கித் தாரேன்.”

“வேற எதுக்கு? எனக்குக் குறளிதான் வேணும்.”

விடாதே என்றவரே விடச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை.

கடைசி நாள் வந்தது. மேடை ஏறும் முன் பெரியம்மா பெட்டியை என் கையில் கொடுத்து, கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். முத்தம் கொஞ்சம் இளக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கைக்குள் பெட்டி வந்ததும் என் விரல் தானாகப் போய் அதை உயிர்ப்பித்தது. சார்ஜ் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. குறளி இருந்தது, என்னைப் பார்த்து இளித்தது. மைக் முன்னால் நின்றேன். மனப்பாடம் செய்தது எல்லாம் நினைவில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

“இது பேயில்ல. இது யாரையும் ஒண்ணும் செய்யல. எங்க மாமா எனக்குக் குடுத்தாவ. நான் குடுக்க மாட்டேன். யாரு சொன்னாலும் குடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுப் பெட்டியை மைக்கிடம் பிடித்து அமுக்கினேன். குறளி ஸ்பீக்கர் வழியாக ஆலயம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் கூடவே சிரித்தார்கள். பாதிரியார் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. படியிறங்கி, நடு வழியாக நேரே நடந்து வெளியே வந்தேன். ஓடவில்லை.

பின்னாலேயே மாமா வந்தார். ஸ்கூட்டரை எடுத்து, “ஏறு” என்றார். கடற்கரையில் நிறுத்திக் குச்சி ஐஸ் வாங்கித் தந்தார். சீட்டின்மேல் இரண்டு பெட்டிகளையும் வைத்து ஒயரைச் செருகினார். என் திரை காலியானது. அவர் திரையில் குறளிக்குக் காது நீண்டது, வால் முளைத்தது, அதன் நிழல் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. நான் கத்திய கத்தலில் சுண்டல் விற்றவர் திரும்பிப் பார்த்தார். மாமா அதைப் பத்திரமாக எனக்கே திருப்பி அனுப்பினார்.

பிறகு ஒயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஏளா, அங்கன மைக்குல சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டவர் வீட்டுக்குள் வரவில்லை. எனக்கு விழப்போகிற அடியில் பங்கு கேட்கப் பயந்துதான் போகிறார் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் திருச்செந்தூர் ரோட்டில் போனது.

அந்த மாதமே ஆலந்தலைக் கோயிலில் மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. துணி எடுக்கப் போகிறேன் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு அம்மா மட்டும் போய்வந்தாள். என்னைத் தெருமுனையில் விட்ட அன்றைக்கு ஆலந்தலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய மாமா, வழியெல்லாம் நான் சொன்ன அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்ததாக அந்த நர்ஸிடம், அதாவது என் அத்தையிடம், சொல்லிச் சிரித்தாராம். இதை அத்தை என்னிடம் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு.

கடற்கரையில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. அந்த அவசரத்தில், குடுக்க மாட்டேன் என்று முணுமுணுத்து வைத்தேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.