மூன்றாவது பெடல்

போன கிழமை நெல்லுக் குத்தப் புதுக்குடியிருப்பு மில்லுக்குப் போயிருந்தேன். அரைவாசி மூட்டை உள்ளே போயிருக்கும், மில்லின் பெல்ட் வழுக்கத் தொடங்கிவிட்டது. சூடேறிய ரப்பரின் மணம் உங்களுக்குத் தெரியும்தானே, மூக்கைப் பொத்தினாலும் தொண்டைக்குள் போய்க் குந்திக்கொள்ளும். மில்காரர் ஓடிப்போய் பெல்ட்டை இறுக்கினார். மற்றவர்கள் தங்கள் பாட்டில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு மட்டும் முகம் சுட்டது. காரணம் ஒரு கோல்ஃப் வண்டி என்றால் சிரிப்பீர்கள்.

கோல்ஃப் விளையாட்டை நான் தொலைக்காட்சியில்கூட ஒழுங்காகப் பார்த்தவனில்லை. எங்கள் பக்கத்தில் அந்த நாளில் பந்து பற்றைக்குள் போனால் எடுக்க ஒருவரும் இறங்கமாட்டார்கள். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் சிவப்புப் பலகை நட்டுக்கொண்டு திரிந்த காலம். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் கோல்ஃப் வண்டி வந்தது. தெற்கில் மூடிப்போன ஏதோ ஒரு விடுதியின் ஏலத்தில், கனடாவில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதை வாங்கித் தையல் நிலையத்துக்குக் கொடுத்திருந்தார். யுத்தத்தில் கை, கால் இழந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே தைத்தார்கள். பஸ் நிற்கும் சந்தியிலிருந்து நிலையத்துக்கு ஒரு மைல் இருக்கும், முழுக்க மணல். நடுவில் குளக்கட்டு வேறு. அவர்களை ஏற்றி இறக்கத்தான் அந்த வண்டி. முன்னால் இரண்டு பேர், பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர். மேலே வெள்ளைக் கூரை. கலியாண வீட்டில் பந்தலைக் கழற்றிச் சில்லுப் பூட்டியது மாதிரி இருக்கும்.

ஓட்டியவர் தவமணி அக்கா. தண்ணீரூற்று ஊர்க்காரி, நாற்பது வயதிருக்கும். இடது கால் தொடைக்குக் கீழே இல்லை. பொய்க்கால் ஒன்று கொடுத்திருந்தார்கள். வெயிலுக்கு அது புண்ணாக்கும் என்று கழற்றிப் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டுத்தான் ஓட்டுவார். சந்தியில் புதிதாக யாராவது அந்தச் சீட்டில் ஏற வந்தால், "அவரைக் கொஞ்சம் மடியிலை வைச்சிருங்கோ" என்று காலை நீட்டுவார். வந்தவர் முழிக்க, பின்சீட்டுப் பெண்கள் சிரித்து உருளுவார்கள்.

அந்த வண்டிக்கு கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. எஞ்சினிலிருந்து சில்லுக்குப் பெல்ட்தான். ஓடுவதற்கு ஒரு பெடல், நிற்பதற்கு ஒரு பெடல், இரண்டுக்கும் வலது கால் போதும். இதை இப்போது எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன் பாருங்கள். அப்போது எனக்குத் தெரியாததா? மெக்கானிக் நான்.

என் கராஜ் புதுக்குடியிருப்பு ரோட்டோரம் நான்கு தகரத்துக்குக் கீழே இருந்தது. ஆனால் தலைக்கனத்துக்கு மாளிகை வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் பழகியவர்கள் நாங்கள். ஒரு சொட்டுப் பெற்றோலை ஊசியால் காபரேட்டருக்குள் அடித்து ஸ்டார்ட் பண்ணி, மிச்ச வழி முழுக்க மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். இந்தச் சாமானுக்கு அந்தச் சாமானைப் பூட்டி ஓடவைத்துவிட்டால் போதும், வேறு கேள்வி எங்களுக்கு வராது. யார் ஓட்டுவது என்ற கேள்வி மருந்துக்கும் வராது.

குளக்கட்டு ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். பெல்ட் வழுக்கி, அந்த மணம் கட்டு முழுக்கப் பரவும். பின்னால் இருக்கிறவர்கள் இறங்கி, ஊன்றுகோலை மணலில் புதைத்துப் புதைத்து நடந்து ஏறவேண்டும். அதனால்தான் ஒருநாள் தவமணி அக்கா கராஜுக்கு வந்தார்.

"தம்பி, குளக்கட்டிலை ஏறேக்கை மட்டும் கொஞ்சம் இழுத்தால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"விட்டிட்டுப் போங்கோ அக்கா. பறக்கிற மாதிரி ஆக்கித் தாறன்."

"பறக்க வேண்டாமடாப்பா, ஏறினால் காணும்" என்று சிரித்தார்.

பெல்ட்டை மாற்றி, பழையதைவிடக் கொஞ்சம் பெரிய எஞ்சின் ஒன்றை முன்போலவே பெல்ட்டால் பூட்டியிருக்கலாம். இரண்டு நாள் வேலை. ஆனால் அதை யார் வந்து பார்ப்பார்கள்? என்னிடம் அடிபட்ட சின்ன வான் ஒன்று கிடந்தது. அதன் எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சு எல்லாவற்றையும் கழற்றி, வண்டியின் சட்டத்தை வெட்டி ஒட்டி, மூன்று கிழமை மினக்கெட்டேன். சந்தியில் நிற்கிற ஆட்களெல்லாம் பின்னேரம் கராஜில்தான். "கோல்ஃப் வண்டிக்கு வான் எஞ்சின்" என்று ஒருவன் படம் எடுத்து முகநூலில் போட்டான். லண்டனிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். நான் சாப்பாட்டை மறந்து அதை வாசித்தேன்.

நிலையத்தில் வெள்ளோட்டம் வைத்தார்கள். வண்டிக்குச் சந்தனம் பூசி, சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்து, எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். பிறகு நிலையத்தின் தலைவர் கூப்பிட்டார். "தவமணி, ஏறும், முதல் ஓட்டம் உம்மடை."

அக்கா புதுச்சேலை கட்டியிருந்தார். ஏறி இருந்து, வழக்கம்போலப் பொய்க்காலைக் கழற்றப் போனவர், கீழே பார்த்தார். மூன்று பெடல்.

அவர் பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன். என் கையால் பூட்டிய, இடது காலால் அமத்தவேண்டிய கிளச் பெடலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

அக்கா கழற்றப்போன காலைத் திரும்ப இறுக்கிக்கொண்டார். அதை இரண்டு கையாலும் தூக்கிக் கிளச்சின் மேல் வைத்து, தொடையால் அமத்தினார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. இன்னொருமுறை. மூன்றாம் முறை பின்னால் இருந்த பெண் ஒருத்தி விழப் பார்த்தாள். தேசிக்காய் நசியவே இல்லை. அக்கா மெல்ல இறங்கினார். "நல்லாத்தான் இழுக்குது தம்பி" என்றார். தலைவரின் மருமகன் ஏறி ஓட்ட, வண்டி குளக்கட்டைப் பாய்ந்து ஏறியது. எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னாடையோடு நின்று நானும் தட்டினேன்.

அதன்பிறகு மருமகன்தான் ஓட்டினான். அக்கா பின்சீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு போனார். மற்றப் பெண்களுக்குச் சந்தோசம்தான், ஏற்றத்தில் இறங்கி நடக்கத் தேவையில்லை. அந்தச் சந்தோசத்தைப் பிடித்துக்கொண்டு நான் என்னைத் தேற்றினேன்.

ஒரு மாதத்தால் அக்கா திரும்ப வந்தார். பஸ்ஸில் வந்து, வெயிலுக்குள் தனியாக நடந்து வந்திருந்தார். கதிரையைக் கொடுத்தேன்.

"தம்பி, அந்தப் பழைய எஞ்சின் கிடக்கோ? திருப்பிப் போடேலுமோ?"

நான் கைக் கிரீஸைத் துணியில் துடைக்கத் தொடங்கினேன்.

"வீட்டிலை எல்லாரும் என்னைத்தான் ஏத்தி இறக்கினம். கோயிலுக்கும் அப்பிடி, ஆசுப்பத்திரிக்கும் அப்பிடி. உந்த வண்டியிலை மட்டும்தான் தம்பி, நான் ஆக்களை ஏத்தி இறக்கினனான்."

பழைய எஞ்சின் அவருக்குப் பின்னால் நான்கடி தள்ளிச் சாக்கு மூடிக் கிடந்தது. திருப்பிப் பூட்டினால் ஊர் கேட்கும். முகநூல் கேட்கும். பொன்னாடை வீட்டில் அலுமாரிக்குள் இருந்தது.

"அது பழுதாப் போச்சு அக்கா. பழைய இரும்புக்குக் குடுத்திட்டன்."

"சரி தம்பி, பரவாயில்லை" என்றார். பரவாயில்லை என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் எழும்பினார். நான் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த மாதம் தையலுக்கு வருவதையும் நிற்பாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், மனைவிக்கு, வங்கிக்கு, நேர்த்தி வைத்த சாமிக்குக்கூட. எதுவும் இப்படி இருந்து அரிக்கவில்லை. வெட்கம் கெட்டவன் என்று என்னை நானே ஏசினாலும், அந்த வெட்கம் மட்டும் கெடாமல் அப்படியே இருக்கிறது.

மருமகன் ஒரு மாரி மழையில் வண்டியை மதகோடு மோதினான். அதோடு அதன் கதை முடிந்தது. தையல் நிலையக் கட்டடத்தில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ரோட்டுக்குத் தார் போட்டுவிட்டார்கள், குளக்கட்டு ஏற்றத்தையும் வெட்டித் தணித்தாயிற்று. அந்தப் பழைய எஞ்சினே இன்றைக்கு நாலு பேரோடு சும்மா ஏறும்.

மில்லிலிருந்து வந்த அடுத்த நாள், மனது கேட்காமல் தண்ணீரூற்றுக்குப் போனேன். போய் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தும் ஒன்றும் சேரவில்லை. ஒரு கடையில் நிற்பாட்டி, கல்லாவில் இருந்த பெண்ணிடம், "டிரைவர் அக்கான்ரை வீடு எது பிள்ளை?" என்று கேட்டேன். அந்த நாளில் சந்தியில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

"டிரைவர் அக்காவோ? அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையே அண்ணை."

"தவமணி எண்டு..." என்று இழுத்தேன்.

"ஓ, நொண்டித் தவமணியைக் கேக்கிறியளோ?"

நான் ஓம் என்று தலையாட்டினேன்.