கடைசி விசில்

முன்வரிசையில் யாரோ அவித்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த வாசனையோடு அம்மா வந்து ஸ்டேடியத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலை முடிந்ததும், சீருடையோடே என்னை ஃபெர்ரியில் ஏற்றி, காற்பந்து பார்க்க இந்தத் தீவுக்குக் கூட்டி வருவாள். எங்கள் அணி தோற்கும். நாலாவது கோல் விழுந்ததும் கூட்டம் கலையும். நான் அவள் கையை இழுப்பேன்.

"எல்லாரும் போறாங்க லா, அம்மா."

"பசங்க இன்னும் ஓடிக்கிட்டுதானே இருக்காங்க. விசில் ஊதட்டும், போவோம்," என்பாள், கடலைத் தோலை மடியில் சேர்த்தபடி.

ஒரு கோப்பையைக்கூடப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள்.

இன்று கோப்பை எங்களுக்கு. விசில் ஊதி, ஆட்டக்காரர்களும் போய்விட்டார்கள். காவலாளி வந்து, "அக்கா, மேட்ச் முடிஞ்சிருச்சு லா," என்றார்.

தெரியும் என்றேன். எழத்தான் முடியவில்லை.