ஐஸ் ரூம் கதவில் ஒரு அறிவிப்பு

எங்கள் மீன் ஆலையில் பதினொரு மணிக்கு மணி அடித்தால், என்னோடு மீன் வெட்டும் நார்வேக்காரி பெரிட் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். மீன் பாதி வெட்டியபடி கிடக்கும். "பௌசே" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவாள். பௌசே என்றால் இடைவேளை. நார்வேக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு அது கைவரவில்லை. கையிலிருக்கும் மீனை முடித்துவிட்டுத்தான் நகர்வேன். முதலாளி ரூனே ஓடி வந்து கடிகாரத்தைக் காட்டிக் கெஞ்சுவார். நான் ஓய்வெடுக்காவிட்டால் அவருக்குத்தான் அபராதமாம். வேலை செய்யாதே என்று கெஞ்சும் முதலாளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெரிட்டுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்து பழக்கம். சொல்ல எனக்கென்ன வெட்கம், அவள்மேல் எனக்கு வயிற்றெரிச்சல். அந்தப் பாதி மீனைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ராயபுரத்தில் இறால் உரிக்கும் ஷெட்டில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே வருகைப் பதிவு நோட்டு இரண்டு. ஒன்று தொழிலாளர் துறை ஆபீசருக்குக் காட்ட, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அதில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு இன்னொரு நோட்டு. நானும் என் தோழி ஸ்டெல்லாவும் அந்த இரண்டாவதில். ஆபீசர் வரும் சேதி எப்படியோ முன்கூட்டியே வந்துவிடும். "ஆபீசர் வந்துகினு கீறாரு. நோட்டுல பேர் இல்லாததெல்லாம் பின்னால போ!" என்று சூப்பர்வைசர் கத்துவார். ஐஸ் ரூமைத் தாண்டி, பின்வாசல் வழியாகச் சந்துக்குப் போய் நிற்போம். அதற்காகவே செருப்பைப் பின்வாசலில் விட்டுவைப்பது எங்கள் வழக்கம். ஐஸ் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களை ஊதிக்கொண்டே ஸ்டெல்லா கேட்பாள்: "நாம இன்னாடி திருடிக்கினா வந்தோம், இப்டி ஓடி ஒளியறதுக்கு?"

என் கணவர் எண்ணூர்ப் பக்கம் கப்பல் வெல்டராக இருந்தவர். அவருக்கு இங்கே வேலை கிடைத்ததும் நானும் கிளம்பினேன். அனுபவச் சான்று இருந்தால் நல்லது என்று சொன்னார்கள். ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். "இன்னா சான்று? நீ இங்க வேலையே செய்யலியேம்மா" என்றார் சூப்பர்வைசர். ஆபீசருக்குக் காட்டும் நோட்டின்படி அது உண்மைதான்.

போன மாதம் ஒரு காலை, ஆலை வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். தொழிலாளர் ஆய்வாளர்கள் என்று ரூனே சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான், கத்தியைப் போட்டுவிட்டு ஐஸ் ரூமுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இங்கே என் பெயர் பதிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கால்களுக்கு அதெல்லாம் தெரியவில்லை.

கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரிட் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ரூனே பக்கத்தில் நிற்கும்போதே, ஆய்வாளரிடம் கிழிந்த கையுறையைக் காட்டிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். கையுறை கிழிந்ததற்கு ஒரு புகார்! ஸ்டெல்லாவின் விரல்களை நினைத்துக்கொண்டேன். அந்தக் குளிரிலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பட்டியலில் பதினெட்டுப் பேர், தளத்தில் பதினேழு பேர். தேடிவந்து கதவைத் திறந்தார்கள். "யார் உங்களை உள்ளே போகச் சொன்னது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"யாரும் இல்லை. நானேதான்."

அவர் நம்பவில்லை. ஒளித்துவைக்கப்பட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். நான் திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே போனார். ரூனேயின் முகம் வெளுத்துவிட்டது. ஆளை ஒளித்தார் என்று ஆகிவிட்டால் ஆலையை மூடிவிடுவார்கள். என் ஒருத்தியால் பதினெட்டுப் பேருக்கும் வேலை போகும். வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வீஜிய மொழியில் ராயபுரத்தின் கதையைச் சொன்னேன். இரண்டு நோட்டு, பின்வாசல், சந்து எல்லாம். பெரிட் வாயைப் பொத்திக்கொண்டு கண் கலங்கினாள். அவளுடைய பரிதாபமும் எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கப்படுவதற்குக்கூட அவளுக்கு வசதி இருக்கிறது.

காகிதங்களைப் பார்த்து, எல்லாம் சரி என்று ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். ஒன்று மட்டும் சொன்னார்கள்: தொழிலாளர்களின் உரிமைகளை அவரவர் மொழியில் எழுதி ஒட்டவேண்டும். ஒரு வாரத்தில் ஐஸ் ரூம் கதவில் தமிழில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. "இங்கே யாரும் ஒளிந்துகொள்ள அவசியம் இல்லை. ஆய்வாளரிடம் பேசுவது உங்கள் உரிமை." ரூனே ஏதோ கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்திருக்கிறார். அந்த ஆலையில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

படமெடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் அதே ஷெட்டில், அதே இரண்டாவது நோட்டில்தான் இருக்கிறாள். போனில் சிரிக்கவே இல்லை.

"அந்தப் பேப்பர தபால்ல அனுப்பி வையேன்டி. இங்க ஒட்டிக்கிறோம்."

"கிழிச்சிடுவாங்கடி."

"கிழிக்கட்டும். ஒரு நாளு ஒட்டிக்கினு இருந்தா போதும்." போனை வைக்கும் முன் சொன்னாள்: "உன்னப் பாத்தா பொறாமையா கீது, கலா."

நானும் உன்னைப்போலத்தான் இங்கே ஒருத்தியைப் பார்த்து வெந்துகொண்டிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அன்று சாயங்காலம் வேலை முடிந்து முன்வாசலுக்கு வந்தேன். செருப்பு வைக்க அங்கே பதினெட்டுத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கலா என்று எழுதிய தட்டு காலியாக இருந்தது. என் செருப்பு பின்பக்கம், ஐஸ் ரூம் கதவடியில், ஒளிய அவசியம் இல்லை என்ற அந்தத் தாளுக்கு நேர் கீழே, பின்வாசலைப் பார்த்தபடி கிடந்தது.