எங்கே என்று கேட்காத ஊர்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உரும்பிராய்க்கு வந்த இரண்டாம் நாளே வயிறு காட்டிக்கொடுத்துவிட்டது. இருபத்தெட்டு வயதுவரை குடித்து வளர்ந்த தண்ணீர். இப்போது அம்மா கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி, விருந்தாளிக்கு வைப்பதுபோல எனக்கென்று தனியாக அடுக்கி வைத்திருக்கிறார். காலையில் அதைத் திறக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

நான் வந்தது அம்மாவின் கண்ணுக்காக. வெண்படலம் அகற்றியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை சொட்டு மருந்து விடவேண்டும். யாழ்ப்பாணத்தில் வைத்தியப் படிப்பை முடித்து, கணவரோடு அமெரிக்காவுக்குப் போன இந்த ஐந்து வருடங்களில் நான் கைவைத்துப் பார்த்த ஒரே நோயாளி அம்மாதான். ஒஹாயோவில் எனக்கு வேலை, ஒரு கிளினிக்கின் மூலையில் இருந்து, வைத்தியர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது. நோயாளி இருமும்போதே எனக்குப் பாதி விளங்கிவிடும். ஆனால் வாய் திறக்கக்கூடாது. ஒருநாள் ஒரு முதியவர், "நல்ல கெட்டிக்காரியாக இருக்கிறாய், நீயும் படித்து டாக்டராகலாமே" என்று அன்போடு சொன்னார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

அங்கே வைத்தியராவதற்கு ரெசிடென்சி என்ற பயிற்சியை ஒரு மருத்துவமனையில் செய்தாகவேண்டும். நாங்கள் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவோம், அவர்கள் எங்களை வரிசைப்படுத்துவார்கள், ஒரு கணினி பொருத்தம் பார்க்கும். மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் இடம் உண்டா இல்லையா என்று மின்னஞ்சல் வரும். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். எனக்கு இது மூன்றாவது முறை. இம்முறை நேர்முகத்துக்கு அழைத்தது ஒரேயொரு மருத்துவமனை. பட்டம் பழசாகப் பழசாக அழைப்புக் குறையும். அடுத்த வருடம் அந்த ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் போன காரியம் நடக்காது. "துலைக்கோ?" என்பார்கள், தூரத்துக்கோ என்று. அமெரிக்காவுக்கு நான் புறப்பட்ட அன்று, பிரான்சிலிருந்து வந்திருந்த மச்சாள் வாசல் படலையில் நின்று, "எங்கை போறாய், எந்த இடம்?" என்று உரத்துக் கேட்டுவிட்டாள். அம்மா என்னை விமான நிலையத்துக்குப் போகவிருந்த வான் வண்டியிலிருந்து இறக்கி, வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். "இந்தத் தண்ணியைக் குடி. இருந்திட்டுத் திரும்ப வெளிக்கிடு" என்றார். குடித்தேன். சிரித்துக்கொண்டுதான் குடித்தேன். படித்த பிள்ளை அல்லவா!

ஆனால் அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறியிருந்தது. நேர்முகத்தில், கணினித் திரையில் இருந்த பெண் வைத்தியர் நல்ல முகத்தோடு கேட்டார்: "பயிற்சியை எங்கே செய்ய உங்களுக்கு விருப்பம்?" உங்கள் மருத்துவமனையில், உங்கள் நகரத்தில் என்று சொல்லவேண்டிய இடம் அது. எத்தனை தடவை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பேன். அந்த நேரத்தில் நாக்கு எழும்பவில்லை. போக முதல் போகிற இடத்தின் பெயரைச் சொன்னால் அது இல்லாமல் போய்விடும் என்ற பயம் மறித்தது. "எவ்வளவு தூரமென்றாலும் பரவாயில்லை" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. எங்கள் இடத்தில் இவளுக்குப் பெரிய விருப்பமில்லை என்று விளங்கிக்கொண்டிருப்பார். பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

இன்றைக்கு அந்தத் திங்கட்கிழமை. பின்னேரம் சொட்டு மருந்து வாங்கப் புறப்பட்டபோது, பக்கத்து வீட்டு இரத்தினம் அண்ணை வேலிக்கு அப்பால் நின்றார்.

"என்ன தங்கச்சி, துலைக்கோ?"

"இல்லை அண்ணை, உதிலை பாமசிக்கு."

அவர் கேட்ட அந்தத் 'துலைக்கோ' என்ற ஒரு சொல்லுக்கு எனக்கு அழுகை வந்தது. ஒஹாயோவில் கிளினிக் முழுவதும் கடந்த ஒரு மாதமாக, "எங்கே போகப் போகிறாய்?" என்று என்னை ஆசையோடுதான் கேட்டது. நான் ஒவ்வொரு தடவையும் ஒடுங்கிப்போனேன்.

விளக்கு வைத்த பிறகு மின்னஞ்சல் வந்தது. முதல் வரியிலேயே வருந்துகிறோம் என்று இருந்தது. அதற்குமேல் வாசிக்கவில்லை. அம்மா கண்ணில் மூடியோடு கதிரையில் இருந்தார்.

"கிடைச்சிதோ பிள்ளை?"

"இல்லையம்மா. இந்த முறையும் இல்லை."

"ஆரும் எங்கையெண்டு கேட்டிருப்பினம்."

"ஓம் அம்மா. கேட்டவைதான்."

நேர்முகத்தில் நான் விட்ட பிழையை அவரிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என்னைக் காப்பாற்றவென்று அவர் பழக்கியது அது. இனி வெள்ளிக்கிழமை எனக்கு வெறும் வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் போய் மறுபடி அந்த மூலையில் இருக்கவேண்டும். வாழ்நாள் முழுவதும் அங்கேதான் இருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா எழும்பிச் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "இரு பிள்ளை. தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாத் திரும்ப வெளிக்கிடலாம்" என்ற குரல் மட்டும் வந்தது. அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அன்று அம்மா என்னை இருத்திய அதே கதிரையில் நான் இருந்தேன். எந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன், எந்த வீட்டுக்குள் திரும்பிவந்து இருக்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

அம்மா வந்து நின்றார். ஒரு கையில் கிணற்றுத் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் கடைப் போத்தல்.

"எதைப் பிள்ளை தர?" என்றார்.

நான் இரண்டு கைகளையும் நீட்டினேன்.