மாத்திரைக்கு இடமில்லாத வயிறு

எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, நாலு ஸ்பூன் சோற்றுக்கே எனக்கு மூச்சு முட்டும். அந்தக் கொஞ்ச இடத்தையும் மாத்திரைக்கு விட்டுத்தர மனசு வரவில்லை. ஆயுசுக்கும் போடச் சொன்ன சத்து மாத்திரைகளை, தறிக்குப் பக்கத்தில் இருக்கும் கழிவுநூல் கோணியில் போட்டுவிடுவேன். மனைவி கேட்டால், "போட்டுகினுதான் இருக்கேன்" என்பேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆரணியில் பார்த்தவர்களெல்லாம் என் ஒல்லி உடம்பை மெச்சினார்கள். கையும் காலும் மட்டும் மரத்துப்போய் மதமதவென்று இருந்தன. தறியில் உட்கார்ந்தே இருப்பதால் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் நெய்த புடவையில் நீட்டிக்கொண்டிருந்த இழைகளைப் பிளேடால் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த மனைவி அலறினாள்.

"இன்னாங்க இது, புடவையெல்லாம் ரத்தம்!"

சந்தன நிறப் பட்டில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. என் விரல் ஆழமாகக் கிழிந்திருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

துணியால் கட்டிவிட்டு, என் இன்னொரு கையைப் பிடித்தாள். "கண்ண மூடிக்கோங்க. விரல் நடுவுல பட்டு இழை வெக்கிறேன். இருக்குதா?"

"இருக்கு."

கண்ணைத் திறந்தேன். இழை அவள் கையிலேயே இருந்தது.

மாத்திரை போடாததால் சத்துக் குறைந்து நரம்பு பழுதாகியிருக்கிறது என்றார் டாக்டர். இப்போது ஊசியும் மாத்திரையுமாகப் பாதி உணர்வு திரும்பியிருக்கிறது. மீதி வருமா என்று டாக்டர் சொல்லவில்லை. தினமும் காலையில் அவள் இழையோடு வந்து நிற்கிறாள். தெரியாதபோது, தெரியவில்லை என்றே சொல்லிவிடுகிறேன்.