அவிசாவளைக்கு அப்பால் வெளிநாடு

கொழும்புக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவருவதும் ஒரு தொழில்தான். மற்றத் தொழில்களில் எப்போதாவது உட்காரலாம், இதில் முடியாது.

எழுபதுகளில் நான் இரத்தினபுரியில் ஒரு தொழிலாளர் சங்கக் கிளையில் எழுதுவினைஞராக இருந்தேன். தோட்டத்து மக்கள் என்னைக் 'கிளாக்கரய்யா' என்பார்கள். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜைகளாகப் பதிவாகி, கப்பலேறி இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் பாஸ்போட் விஷயமாகக் கொழும்பிலிருந்த இந்தியத் தூதரகத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. அவர்களில் பாதிப் பேர் கொழும்புக்குப் போகும் வழியிலுள்ள அவிசாவளையைத் தாண்டியதில்லை. பாஸ்போட் கைக்கு வந்த நாளிலிருந்து, சட்டப்படி கொழும்பு அவர்களுக்கு ஒரு வெளிநாட்டின் தலைநகரம். பிறந்த லயத்து வீட்டிலிருந்து ஒரு பஸ் பயணத்தில் எட்டிவிடுகிற வெளிநாட்டுத் தலைநகரம் உலகத்தில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது?

ஆகவே, முதன்முறை போகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். எந்த அலுவலகத்தின் முன்னாலாவது நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். இந்த யோசனைகள் எல்லாவற்றையும் ஒரே குடும்பத்திடம்தான் கற்றேன். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய காத்தமுத்து, அவர் மனைவி ராக்கம்மா, இரண்டு பையன்கள், பத்து வயது மகள் செல்வி.

படத்தை எண்ணாதீர்கள், பாருங்கள்

குடும்ப பாஸ்போட்டுக்கு எல்லாரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். குறித்த நாளில் செல்விக்கு அம்மை போட்டிருந்தது. நாளைத் தள்ளவும் வழியில்லை. காத்தமுத்து யோசித்தார். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மனைவிக்குக் காய்ச்சல் என்றால் கொழுந்தியாள் போய் நிற்பாள். கணக்கப்பிள்ளை தலையை எண்ணுவார். முகத்தை யார் பார்க்கிறார்கள்? அதே முறைப்படி, லயத்தில் பக்கத்து அறையில், அதாவது அடுத்த காம்பராவில், இருந்த கருப்பாயியின் மகள் பூமணிக்குப் புதுச்சட்டை போட்டு ஸ்டூடியோவில் நிறுத்திவிட்டார். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று நானும் எண்ணித்தான் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டேன்.

பாஸ்போட் வந்தது. கப்பலுக்கு நாளும் குறித்து வந்தது. ஐந்து வாரம், அதற்குள் காம்பராவையும் ஒப்படைத்துவிட வேண்டும். செல்வி பாஸ்போட்டைப் பிரித்துத் தன்னைத் தேடினாள். காணவில்லை. அவள் அழுத அழுகையில்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. தலைமன்னாரில் கப்பலேறும்போது படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்ப்பார்கள். படத்தில் இல்லாத பிள்ளையை ஏற்றமாட்டார்கள். கொழும்புக்குப் போய்ப் படத்தை மாற்றினால்தான் செல்வி பெற்றோருடன் போகலாம். ஏனய்யா இப்படிச் செய்தீர் என்று சத்தம் போட்டேன். காத்தமுத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அஞ்சு ஆளுன்னு எழுதுனீங்க. அஞ்சு ஆளு நின்னோம். இதுல என்னாங்க கொற?"

வெறுங்கையோடு போங்கள்

செல்வியை வைத்துப் புதுப் படம் எடுக்க ஒரு வாரம் போயிற்று. மீதி நான்கு. விடிவதற்கு முன்பே பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். ஐந்து பேரும் வந்தார்கள். ராக்கம்மாவின் இடுப்பில் ஆறாவதாக ஒரு பலாப்பழம். பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போவது மரியாதை இல்லையாம். "அங்கே இதெல்லாம் வாங்கமாட்டார்கள்" என்றேன். "வாங்காட்டி போறாங்க, நாம குடுக்கணும்ல" என்றாள். பஸ் வந்துவிட்டது. வாதாட நேரமில்லை.

இரத்தினபுரி தாண்டியதும் பழம் தன் வாசனையால் பஸ் முழுவதையும் பிடித்துக்கொண்டது. முன்னாலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்தார். இவ்வளவு பெரிய உருப்படிக்கும் ஒரு டிக்கட் எடுக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் எழுந்து சமாதானம் சொல்லப்போனேன். ராக்கம்மா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் பழத்தை மூடி, மடியில் ஏற்றி, கண்டக்டரைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள். தமிழில் அது இப்படி வரும்:

"இதுக்கு மூணு வயசுதான் ஆவுது மாத்தயா, மடியில வச்சிக்கிறேன்."

கார் வந்தால் ஒதுங்காதீர்கள்

கொழும்பில் தெருவைக் கடக்கும் முறையைப் பஸ்ஸிலேயே விளக்கியிருந்தேன். மஞ்சள் கோடு போட்ட இடத்தில் நில்லுங்கள். வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள், மறுபடியும் வலப்பக்கம் பாருங்கள். என்னோடு சேர்ந்து நடந்து வாருங்கள். பையன்கள் இருவரும் ஒப்பித்தே காட்டினார்கள். ஆனால் காத்தமுத்து என்ன செய்வார் என்பதை நான் யோசிக்கவில்லை.

தோட்டத்து ரோட்டில் கார் வந்தால் அது தோட்டத்து மேனேஜரான துரையின் காராகத்தான் இருக்கும். வாய்க்கால் ஓரமாக ஒதுங்கி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கார் போய் மறையும்வரை நிற்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம். இங்கே முதல் கார் வந்தது. காத்தமுத்து ஒதுங்கித் துண்டை எடுத்தார். அது மறைவதற்குள் அடுத்தது. அதன் பின்னால் மூன்று. துண்டு தோளுக்குப் போகவும் கைக்கு வரவுமாக இருந்தது. ராக்கம்மாவும் பிள்ளைகளும் நானும் இரண்டு முறை மறுபக்கம் போய், அவரைக் காணாமல் இரண்டு முறை திரும்பி வந்தோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போயிற்று. கடைசியில் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடந்தேன். மறுபக்கம் போனதும் அவர் திரும்பி நின்று தெருவைப் பார்த்தார்.

"இத்தன தொரமாரு இருக்காங்களே, அப்ப இங்க வேல செய்யிறது யாருங்க?"

வரிசையில் பின்னால் திரும்பாதீர்கள்

தூதரக வாசலில் பலாப்பழத்தை உள்ளே விடவில்லை. ராக்கம்மா அதற்காக வருத்தப்படவில்லை. மதிலோரம் குந்தி, பழத்தைப் பிளந்து, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் சுளை கொடுத்தாள். மாவனல்லைப் பக்கத்து ஆட்கள், கரவனெல்லைப் பக்கத்து ஆட்கள் என்று பத்து நிமிஷத்தில் அவளுக்கு உறவு பெருகிவிட்டது. ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

எங்களுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். பிறகு பார்த்தால் பதினாறு பேர். எண்ணத் தெரியாமல் போயிற்றா என்று மறுபடி எண்ணினேன். கைக்குழந்தையோடு வந்தவளை எல்லாம் ராக்கம்மா தனக்கு முன்னால் விட்டுக்கொண்டிருந்தாள். சாடை காட்டினேன், இருமினேன், கடைசியில் வாய்விட்டே சொன்னேன். பயனில்லை. எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது கவுண்டரை மூடிவிட்டார்கள். ஒரு முழுநாள் வீண். மகளுடைய காரியத்தை வைத்துக்கொண்டு இது என்ன தர்மம் என்று படியிலேயே கேட்டுவிட்டேன். அவளும் விடவில்லை.

"பச்சப்புள்ளக்காரிய வெயில்ல நிறுத்திப்புட்டு நான் முந்திப் போனா, அந்தத் தேசத்துல என்னையக் கிட்டச் சேப்பாங்களா, கிளாக்கரய்யா?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்

அடுத்த வாரம் மறுபடி போனோம். பலாப்பழம் இல்லை. காத்தமுத்துவின் துண்டை முதலிலேயே வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். பதினொரு மணிக்குக் கவுண்டருக்கு முன்னால் ஐந்து பேரும் நின்றார்கள்.

அதிகாரி மதராஸ்காரர். நிதானமானவர். அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. பழைய படத்தைப் பார்த்தார், புதுப் படத்தைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். அம்மைத் தழும்புள்ள முகம். நடந்ததைச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். "பர்த் சர்ட்டிபிகேட்ல முகம் இருக்கா சார்?" என்றார். "இந்தப் பொண்ணுதான் நிஜமான மகள்னு நான் எப்படி நம்பறது? வேற யாரோட குழந்தையையாவது கூட்டிட்டுப் போறாங்கன்னா?" செல்வி அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். பழைய படத்திலுள்ள சிறுமியையும் நேரில் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, கோப்பில் குறிப்பு எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே வழக்கமான கேள்விகளில் ஒன்றை ராக்கம்மாவிடம் கேட்டார்: நீங்க இந்த நாட்டுக்கு எப்பம்மா வந்தீங்க? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது நான் படித்துப்படித்துச் சொன்ன பாடம். அவள் அப்படியே செய்தாள்.

"நான் எங்கங்க வந்தேன்? இங்கதானங்க இருந்தேன்."

போகாதவர்களைக் கூட்டிப்போவது

பூமணியின் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் அம்மா கருப்பாயி மகளை அனுப்ப மறுத்துவிட்டாள். நான் மூன்று முறை மலையேறிப் போய்க் கேட்டேன். ஒருமுறை கதவையே திறக்கவில்லை. அவள் பயம் நியாயமானது. இந்திய பாஸ்போட்டில் தன் மகளின் முகம் இருக்கிறது. ஆளையும் கொண்டுபோய் அந்த அலுவலகத்தில் காட்டினால், முகமும் ஆளும் ஒத்துப்போய்விட்டது என்று கப்பலில் ஏற்றிவிட்டால்? இப்படி நடக்காது என்று சொன்னேன். நடந்த காரியங்களைப் பார்த்தவர்கள் யாரும் என் வார்த்தையை நம்பியிருக்க மாட்டார்கள்.

காம்பராவுக்குக் காம்பரா சண்டை மூண்டது. "படம் புடிக்கையில புதுச்சட்ட மட்டும் இனிச்சிச்சோ?" என்று ராக்கம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள். "ஒம் புருசன் கெஞ்சுனான், குடுத்தேன். இப்ப எம் புள்ளையவே கேக்குறியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. பதினைந்து நாள் இருந்தது, பன்னிரண்டு நாள் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. செல்வியைச் சித்தி வீட்டில் விட்டுப்போவது பற்றிக் காத்தமுத்து என்னிடம் மெதுவாகப் பேசத் தொடங்கினார். அவரைப் பார்க்க முடியாமல் நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாளே மீதியிருந்த அன்று காலை, எதற்கும் இன்னொருமுறை கெஞ்சிப் பார்ப்போம் என்று ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வரும்போது பாதையில் கருப்பாயி ஓடிவந்தாள். ஒரு கையில் பூமணி. பிரஜாவுரிமைப் பத்திரத்தை மெழுகுத்தாளில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். ராக்கம்மாவோடு பேசவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"எம் புள்ள மொகம் கப்பலேறி, அவ புள்ள இங்க நின்னு அழுதா, எனக்குச் சோறு எறங்குமாங்க?"

கவுண்டரில்

இரண்டு சிறுமிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். கருப்பாயி பூமணியின் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடவில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா என்றார் அதிகாரி. அவள் மகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அவர் பழைய படத்தைத் தூக்கிப் பூமணியிடம் காட்டி, இது யார் என்று கேட்டார். நான்தாங்க என்றாள் பூமணி. கருப்பாயி பிடியை இன்னும் இறுக்கினாள். அப்போ நீதான் இந்தியா போறியா என்று அவர் அடுத்துக் கேட்டார்.  இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இதற்குப் பதிலும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து பழைய படத்தின் மேல் கோடு இழுத்ததும், செல்வி நிற்கிற படத்தை ஒட்டி முத்திரை குத்தியதும் பூமணி சொன்ன பதிலைக் கேட்ட பிறகுதான்.

"இல்லீங்க, நான் போட்டோவுக்கு மட்டுந்தாங்க வந்தேன்."

ஊர் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம்

காரியம் முடிந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தலைநகருக்கு மூன்று முறை வந்தும் ஒன்றும் காட்டவில்லையே என்று எல்லாரையும் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனேன். செல்வியும் பூமணியும் அலையை நோக்கி ஓடினார்கள். ராக்கம்மா பாஸ்போட்டைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காத்தமுத்து கடலைப் பார்த்து, என் பையிலிருந்த துண்டைக் கேட்டார், கொடுத்தேன், முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூரத்தில் துறைமுகத்துப் பக்கம் இரண்டு மூன்று கப்பல்கள் நின்றன. கருப்பாயி அவற்றைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பெண்ணை இடுப்பில் வைத்தபடி என்னிடம் வந்தாள்.

"கப்பலு இல்லாத பக்கமாப் போவமுங்க, ஐயா."

ஒன்பது நாளில் காத்தமுத்து குடும்பத்தார் ஐந்து பேரும் கப்பலேறிப் போனார்கள். வெளிநாட்டுத் தலைநகருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: புறப்படுகிறவர்கள் போய்ச் சேர வேண்டுமானால், எங்கேயும் போகாதவர்களையும் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வர வேண்டும்.